பூனைக்குப் போட்ட வேலி

ஆஸ்திரேலியாவை வேலிகளின் நாடு என்றே சொல்லலாம். முயல் வராமல் தடுக்க மேற்கு ஆஸ்திரேலியாவில் 1907-ல் கட்டி முடித்த முதல் வேலி மட்டும் 1,833 கிலோமீட்டர். டிங்கோ நாயிடமிருந்து ஆடுகளைக் காக்கும் வேலி இன்னும் நீளம், சுமார் 5,600 கிலோமீட்டர். பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் அளவு நாடாவும் கையுமாக அலைந்தவனுக்கு இந்த எண்களைப் படித்தாலே கை பரபரக்கும். ஆனால் இந்தப் பதிவு அந்தப் பெரிய வேலிகளைப் பற்றி அல்ல. கான்பெராவில் என் மகள் வீட்டுக் கொல்லையில் பூனைக்காகப் போட்ட, நாற்பது அடிகூட இல்லாத ஒரு சின்ன வேலியைப் பற்றி. சின்னதுதான் என்றாலும் அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

பூனை அந்த மண்ணுக்குப் புதிது. 1788-ல் இங்கிலாந்திலிருந்து கைதிகளை ஏற்றிவந்த கப்பல்களோடுதான் அதுவும் போய் இறங்கியது. சுமார் நூறு வருடத்தில் கண்டம் முழுக்கப் பரவிவிட்டது. தானாக மட்டும் பரவவில்லை. முயல் தொல்லை தாங்க முடியாமல் போன 1880-களில், முயலைப் பிடிக்கட்டும் என்று பூனைகளைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள். முயல் குறைந்தபாடில்லை. பூனை வாயில் சுலபமாக அகப்பட்டவை அந்த நாட்டுக்கே உரிய சின்னச் சின்ன உயிர்கள்: நீளக் காது பில்பி, எலி அளவிலிருந்து முயல் அளவு வரையுள்ள பைப்பாலூட்டிகள். பூனை என்று ஒன்று உண்டென்பதையே அறியாமல் வளர்ந்த இனங்கள் அவை. அந்த நாட்டில் அழிந்தே போன பாலூட்டிகளில் இருபதுக்கு மேற்பட்ட இனங்களின் அழிவில் பூனைக்குப் பங்கு உண்டு என்கிறார்கள். 2017-ல் வந்த ஓர் ஆய்வு, வருடத்துக்கு 37 கோடிக்கு மேல் பறவைகளைப் பூனைகள் கொல்வதாகக் கணக்கிட்டது. அதில் வீட்டில் பால் ஊற்றி வளர்க்கும் பூனைகளின் பங்கு மட்டும் சுமார் 6 கோடி.

இதற்காக முதலில் பெரிய கூச்சல் கிளப்பியவர் ஜான் வாம்ஸ்லி. பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்த மனிதர். 1969-ல் அடிலெய்டு மலைப்பகுதியில் நிலம் வாங்கினார். சுற்றி வேலி போட்டு, பூனை, நரி, முயல் அத்தனையையும் வெளியேற்றி, உள்ளூர் விலங்குகளைக் கொண்டுவந்து குடியேற்றினார். 1991-ல் ஒரு விருது விழாவுக்குப் பூனைத் தோலில் செய்த தொப்பியைப் போட்டுக்கொண்டு போய் நின்றார்! நாடே கொதித்தது. எனக்கு அந்தத் தொப்பி பிடிக்கவில்லை. ஆனால் அவருடைய வேலி பிடித்திருக்கிறது. அதே 1991-ல் மெல்போர்ன் பக்கத்தில் ஷெர்புரூக் என்ற ஊர், பூனைகளை இரவில் வெளியே விடக்கூடாது என்று ஊரடங்கே போட்டது. கேட்ட ஒலியையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும் லயர் பறவை அங்குள்ள காட்டில் தரையோடு தரையாகக் கூடு கட்டும். அதைக் காப்பாற்றத்தான்.

சரி, வேலிக்கு வருவோம். நாயை எந்த வேலியும் தடுக்கும். பூனையைத் தடுப்பது அப்படியல்ல. அது ஆறடி தாவும். தாவி எட்டாததை நகத்தால் பற்றி ஏறும். தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தில் ராக்ஸ்பி டவுன்ஸ் என்ற சுரங்க ஊருக்கு அருகே, 1997-ல் 'அரிட் ரெக்கவரி' என்ற காப்பகம் தொடங்கினார்கள். அங்கே கேத்தரின் மோஸ்பி, ஜான் ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், காட்டில் திரிந்த பூனைகளைப் பிடித்துப் பட்டியில் விட்டு, வேலியை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். மின்கம்பி மட்டும் போதவில்லை. கடைசியில் நின்றது மிகச் சாதாரணமான ஒன்று: 180 சென்டிமீட்டர் உயரக் கம்பி வலை. அதன் உச்சியில் 60 சென்டிமீட்டர் வலை, வெளிப்பக்கமாக வில் போல வளைந்து, தொளதொளவென்று தொங்கும். விறைப்பாக இருந்தால் பூனைக்குப் பிடிமானம் கிடைத்துவிடும். இது தொட்டதும் தொய்கிறது. ஏறிவந்த பூனை தலைகீழாகி, பிடியை விட்டுக் கீழே குதிக்க வேண்டியதுதான். உறுதியாகக் கட்டு, உறுதியாகக் கட்டு என்றே காலமெல்லாம் கேட்டு வேலை பார்த்தவன் நான். உறுதி இல்லாததாலேயே வேலை செய்யும் ஒரு கட்டுமானத்தைப் பற்றி அப்போதுதான் படித்தேன்.

கான்பெராவின் வட கோடியில் முல்லிகன்ஸ் பிளாட் என்ற காடு இருக்கிறது. 2009-ல் அதைச் சுற்றி 11.5 கிலோமீட்டருக்கு வேலி எழுப்பினார்கள். கண்டத்தின் பெருநிலத்தில் சுமார் நூறு வருடமாக இல்லாமல் போயிருந்த பெட்டாங் என்ற குட்டிப் பிராணியை, 2012-ல் டாஸ்மேனியாத் தீவிலிருந்து கொண்டுவந்து உள்ளே விட்டார்கள். இப்போது அங்கே அது பெருகி வாழ்கிறது. அந்தக் காட்டை ஒட்டி எழுந்த ஃபோர்ட், பானர் என்ற குடியிருப்புகளில் பூனையை வளாகத்தை விட்டு வெளியே விடக்கூடாது என்று ஆரம்பத்திலேயே விதி போட்டார்கள். பிறகு, 2022 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்த பூனை எதுவானாலும், கான்பெரா முழுவதும் இதே விதி என்று ஆக்கிவிட்டார்கள். கழுத்தில் வார் கட்டி வேண்டுமானால் நடத்திக்கொண்டு போகலாம்.

என் பேத்தி 'புட்டு' என்று பெயர் வைத்த பூனை பிறந்தது 2023-ல். ஆக, சட்டம் அதற்கும் உண்டு.

அங்கே கொல்லையைச் சுற்றி வழக்கமாகத் தகர வேலி இருக்கும். உயரம் 1.8 மீட்டர். பாலைவனத்தில் கண்டுபிடித்த அதே உயரம்! "மாமா, பாக்கி அந்த மேல் வளைவுதானே, அதை உள்பக்கமா திருப்பிட்டாப் போச்சு" என்றார் மாப்பிள்ளை. பூனை உள்ளே வராமலிருக்கப் பிறந்த வேலி, திசை மாறி, பூனை வெளியே போகாமலிருக்க உதவுகிறது. வேலியை ஒட்டியிருந்த மரக்கிளையை வெட்டினோம். குப்பைத் தொட்டியைத் தள்ளி வைத்தோம். பூனைக்கு உயரம் வேண்டுமென்று சுவரில் மூன்று பலகைகள் அடித்தேன். அரளி, லில்லி இரண்டையும் பிடுங்கினோம். இரண்டும் பூனைக்கு விஷம். லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். பதிலுக்குப் பூனைகள் மயங்கிப் புரளும் கேட்னிப் செடியை மகள் நட்டாள். நம் ஊர்க் குப்பைமேனியும் இதே வேலையைச் செய்யும். அதன் இன்னொரு பெயரே பூனைவணங்கிதான்.

என் மனைவிக்கு இதில் எதுவும் ஒப்பவில்லை. நம் பக்கத்தில் பூனை யாருக்குச் சொந்தம்? நாலு வீட்டில் பால் குடித்துவிட்டு, ஐந்தாவது வீட்டுப் பரணில் குட்டி போடும். "அது என்ன குத்தம் பண்ணிச்சுன்னு ஜெயில்ல போடுறீங்க?" என்றாள். தெருவில் காரில் அடிபடாது, சண்டையில் கடிபட்டு நோய் வாங்காது என்று மகள் சொல்லிப் பார்த்தாள். நான் பெட்டாங் கதையைச் சொன்னேன். "அது பாவம்தான். இதுவும் பாவம்தானே?" என்றாள். என் கட்சி வேலியின் கட்சிதான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

முதல் நாள் புட்டு நாலு தடவை ஏறியது. நாலு தடவையும் வலை தொய்ந்து, புல்லில் வந்து குதித்தது. இரண்டாம் நாள் ஒரே ஒரு தடவை. மூன்றாம் நாள் வேலிப் பக்கமே போகவில்லை. மேல் பலகையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் கூரையில் நடந்த மாக்பை பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு வேலி ஜெயித்த சந்தோஷம். மனைவிக்கோ, அது அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்ததுதான் ஊர் திரும்பியும் ஆறவில்லை.