குரோமியம் என்று ஒதுக்கப்பட்ட உலோகம்

1801-ம் ஆண்டு. மெக்சிகோ நகரச் சுரங்கக் கல்லூரிப் பேராசிரியர் ஆந்த்ரெஸ் மனுவேல் தெல் ரியோ, சிமாப்பான் சுரங்கத்து ஈயத் தாது ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்து பிரித்த உப்புகள் சூடுபட்டதும் செக்கச்செவேலென்று சிவந்தன. இதுவரை யாரும் காணாத உலோகம்! பூரித்துப்போனார். ஆனால், 'இது வெறும் குரோமியம்தான்' என்று 1805-ல் பாரிஸ் வேதியியலர் ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டார். தெல் ரியோவும் தன் கண்டுபிடிப்பைத் தானே கைகழுவினார். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

1830-ல் ஸ்வீடன் வேதியியலர் செஃப்ஸ்ட்ரோம், அந்நாட்டின் தாபெர்க் தாதுவிலிருந்து உருக்கிய இரும்பில் புது உலோகம் ஒன்றைக் கண்டு, வனேடியம் என்று பெயரிட்டார். தெல் ரியோ கண்டதும் இதையேதான் என்று மறு ஆண்டே உறுதியானது. பெயர் கிடைத்துவிட்டது, பெரிதாக வேலைதான் எதுவும் கிடைக்கவில்லை, ஒரு கார் நொறுங்கும்வரை.

அதை ஹென்றி ஃபோர்டே தன் சுயசரிதையில் சொல்கிறார். 1905, பாம் பீச் கார் பந்தயம். பிரெஞ்சுக் கார் ஒன்று விபத்தில் சிதறியது. சிதறியவற்றில் ஒரு சின்ன வால்வுத் தண்டை ஃபோர்டு எடுத்துப் பார்த்தார். கையில் கனமே இல்லை, உறுதியோ அபாரம். என்ன எஃகு இது? அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. உதவியாளரிடம் கொடுத்து ஆராயச் சொன்னார். வந்த விடை: வனேடியம்.

ஆனால், அமெரிக்காவில் வனேடியம் எஃகை வார்க்கத் தெரிந்த ஆலை ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்திலிருந்து நிபுணரை வரவழைத்தார். சாதாரண உலை 2,700 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாது. இதற்கோ 3,000 வேண்டும். நஷ்டம் வந்தால் தன் பொறுப்பு என்று ஒஹையோவின் கான்டன் நகரில் ஒரு சிறிய ஆலையைச் சம்மதிக்கவைத்தார். முதல் வார்ப்பு தோல்வி. எஃகில் வனேடியம் மிகக் கொஞ்சமே தங்கியது.

இரண்டாவது வார்ப்பு தேறியது! சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவிசையே பெரிதென்றிருந்த இடத்தில் 1,70,000. அதே 1905-ல் பெரு நாட்டின் மினாஸ் ராக்ராவில் பெரும் வனேடியம் படிவும் அகப்பட்டது. 1908-ல் வெளிவந்த ஃபோர்டின் 'மாடல் டி' காரில் அச்சு, ஸ்பிரிங் எல்லாம் வனேடியம் எஃகு.

பிறகு அது மெக்கானிக்கின் கைக்கே வந்தது. பட்டறை ஸ்பானர்கள் பலவற்றில் பொறித்திருக்கும் எழுத்து 'குரோம் வனேடியம்'. எந்தக் குரோமியம் என்று சொல்லி ஒதுக்கினார்களோ, அதோடு சேர்ந்தே! என்ன எஃகு என்ற கேள்விக்கு அந்த எழுத்தே பதில். உடைந்த ஸ்பானரை எடுக்கும் வெல்டரும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். முன்கூட்டிச் சூடாக்காமல் வெல்டு வைத்தால், குளிரும்போது ஓரம் விறைத்து விரிசல் விட்டுவிடும்.