மலை இல்லாத தீவுக்கு மலைச்சைக்கிள்

நயினாதீவில் மலை இல்லை. மேடு எண்டு சொல்லக்கூட ஒண்டும் இல்லை. ஆனாலும் எங்கட வட்டத்தில் இருக்கிற நயினாதீவுத் தம்பி ஒருவன், வெளிநாட்டிலிருந்து அக்கா அனுப்பின காசில் மவுண்டன் பைக்தான் வேண்டுவன் எண்டு நின்றான். 21 கியர், முன்னுக்கு ஸ்பிரிங், டிஸ்க் பிறேக். "அங்க ஏறுறதுக்கு மலை எங்கயடா?" எண்டு நாங்கள் சிரித்தோம். "அப்ப எதை வேண்டுறது, சொல்லுங்கோ" எண்டு கேட்டான். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு சைக்கிளை எதைப் பார்த்துத் தெரிவு செய்வது எண்டு எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கட அம்மா அப்பாக்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் கடைக்குப் போக முன்னம் கொஞ்சம் வரலாற்றைத் தேடிப் பார்த்தோம்.

முதலில் மவுண்டன் பைக்கின் கதை. அது எந்தப் பெரிய கொம்பனியின் மூளையிலும் பிறக்கவில்லை. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் எண்ட பகுதியில் சில இளைஞர்கள், ஷ்வின் போன்ற கொம்பனிகள் 1930கள், 40களில் செய்த பாரமான, மொத்த ரயர்ச் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் மலிவாக வேண்டினார்கள். அவற்றில் மலைப்பாதைகளில் இறங்கி ஓடினார்கள். 1976 ஒக்ரோபர் 21இல் 'ரீபாக்' எண்ட முதல் போட்டி நடந்தது. ஏறக்குறைய 2 மைல் தூரத்தில் 400 மீற்றர் இறக்கம். இறங்கி முடிய, பின்சில்லுப் பிறேக்குக்குள் இருக்கிற கிறீஸ் எரிந்து புகையாகிவிடும். திரும்பத் திரும்பக் கிறீஸ் அடைக்க வேண்டும். 'ரீபாக்' எண்ட பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

பிறேக் எரிந்தால் வேறு பிறேக் பூட்டினார்கள். திரும்ப மேலே தள்ளிக்கொண்டு போகக் களைத்ததால் கியர் பூட்டினார்கள். பழைய பிறேம் முறிந்ததால் 1977இல் ஜோ பிறீஸ் எண்டவர் இதற்கெண்டே புதுப் பிறேம் செய்தார். 1979இல் கரி பிஷரும் சார்லி கெலியும் 'மவுண்டன்பைக்ஸ்' எண்ட பெயரில் விற்கத் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் 'ஸ்டம்ப்ஜம்பர்' வந்த பிறகுதான் அது தொழிற்சாலைச் சரக்கானது. ஒவ்வொரு பாகமும் அந்த மண் கேட்டதால் மாறினது.

இனி எங்கட மண். ஆங்கிலேயர் காலத்தில் இஞ்ச வந்தவை றலி, ஹம்பர், றட்ஜ் போன்ற இங்கிலாந்துச் சைக்கிள்கள். பிறகு எங்கும் லுமாலா. 28 அங்குலச் சில்லு, இரும்பு ரிம், 20 கிலோவுக்குக் கிட்டப் பாரம், ஒரேயொரு கியர். இப்ப பார்த்தால் பழசு எண்டு தோன்றும். ஆனால் மூடின செயின் கவர், மக்காட், கரியர், ஸ்ரான்ட் எல்லாம் சைக்கிளோடேயே வந்தன. மண்ணும் உப்பும் செயினில் படாது. பின்னுக்கு ஒரு ஆளோ ஒரு மூட்டை அரிசியோ ஏறும்.

அந்தச் சைக்கிளின் உண்மையான பெறுமதி 1990க்குப் பிறகு தெரிந்தது. அந்த வருடம் யூனில் யுத்தம் மீண்டும் தொடங்க, குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்கள் ஆயின. 1990லும் 91லும் தீவகத்தில் நடந்த இராணுவ நடவடிக்கைகளால் வேலணை, புங்குடுதீவுப் பக்கத்திலிருந்து பெருந்தொகையான சனம் இடம்பெயர்ந்தது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடின. மற்ற எல்லாத்துக்கும் சைக்கிள்தான். விறகு, நோயாளி, பள்ளிக்கூடப் பிள்ளை, எல்லாம் அதில்தான் போனது. கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்த பயணங்களிலும் சைக்கிள் கூடப் போனது.

கனபேர் அறிந்த ஒரு காட்சி உண்டு. சைக்கிளை ஸ்ரான்டில் நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்றுவார். மற்றவர்கள் றேடியோவுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார்கள். லைற் எரிக்க வந்த 6 வோல்ற் டைனமோவில் இருந்து றேடியோவுக்கு வயர் போகும். டைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் டயோட்டுகள் பூட்டி அதை மாற்றினார்கள். அப்படித்தான் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸும் கேட்டார்கள். சுற்றுகிற ஆள் களைத்தால் செய்தி பாதியில் நின்றுவிடும்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனபோதும், கனபேருடைய வீட்டுச் சாமான்கள் சைக்கிளில்தான் போயின. அந்த இரவில் ஒரு கரியர் கம்பி முறிவதும் ஒரு ரியூப் காற்றுப் போவதும் சின்ன விசயமில்லை. எந்தப் பாகம் எவ்வளவு பாரம் தாங்கும் எண்டது அந்தத் தலைமுறைக்கு உயிரோடு சம்பந்தப்பட்ட அறிவு.

யுத்தம் முடிந்த பிறகு மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டியும் வந்தன. சைக்கிள் ஒதுங்கிப்போனது. 2022இல் எரிபொருளுக்கு நாள்க்கணக்கில் வரிசையில் நின்றபோது எல்லாரும் சைக்கிளைத் தேடினோம். விலை ஏறிக் கிடந்தது. எங்களில் ஒருவர் அவசரத்தில் பளபளப்பாக ஒரு கியர் சைக்கிள் வேண்டினார். ஒரு மாரி போகவில்லை, முன் ஸ்பிரிங் கறள் பிடித்து இறுகிவிட்டது. டிஸ்க் பிறேக்குக்குக் கட்டை தேடி நாலு கடை ஏறி இறங்கினார். தம்பிக்கு அது நடக்கக் கூடாது எண்டுதான் இவ்வளவும் யோசித்தோம்.

நயினாதீவில் சைக்கிள் எதோடு மல்லுக்கட்டுகிறது? ஒண்டு காற்று. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு 30 கிலோமீற்றருக்குக் கிட்ட. பண்ணைப் பாலத்திலும் புங்குடுதீவுப் பாலத்திலும் ஒதுங்க ஒரு மரமில்லை. சோழகம் வீசுகிற மாதங்களில் அது நேரே முகத்தில் அடிக்கும். எங்களை மோதுகிற காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளுகிற விசை நாலு மடங்காகும். அதனால் காற்றுத்தான் எங்கட மலை. தம்பி கியர் கேட்டதில் பிழையில்லை.

ஆனால் 21 தேவையில்லை. முன்னுக்கு 3, பின்னுக்கு 7 எண்டு பெருக்கித்தான் 21 எண்டு சொல்லுறார்கள். அதில் பல ஏறக்குறைய ஒரே அளவு. முன்னுக்கு 38 பல்லில் ஒரு சில்லு, பின்னுக்கு 14 முதல் 28 பல்லு வரை 7 சில்லு இருந்தால், பெடலை ஒருக்காச் சுற்ற பின்சில்லு 1.36 முதல் 2.7 தடவை வரை சுற்றும். காற்றுக்கு எதிராகவும் காற்றோடும் ஓட அது போதும்.

மற்றது உப்பு. படகில் ஏற்றினால் கடல் தெறிக்கும். இறக்கினாலும் காற்றில் உப்பு இருக்கும். மலிவான ஸ்பிரிங் போர்க்கில் முதலில் கறள் பிடிப்பது உள்ளே வழுக்கி ஓடுகிற இரும்புக் குழாய். குன்று குழி இல்லாத ஊருக்கு அது வெறும் பாரம். ஸ்பிரிங் இல்லாத போர்க், இரண்டங்குல ரயர் போதும். ஒழுங்கையின் கல்லையும் மணலையும் ரயரே தாங்கும். பழைய இரும்பு ரிம் மழையில் பிறேக் பிடிக்காது. அலுமினிய ரிம்மும் சாதாரண றப்பர்க் கட்டைப் பிறேக்கும் எண்டால் ஊர்க் கடையிலேயே திருத்தலாம்.

செயினைப் பார்க்க ஒரு அடிக்கோல் காணும். புதுச் செயினில் ஒரு ஊசியிலிருந்து எண்ணி 24ஆவது ஊசிவரை சரியாக 12 அங்குலம். அது 12 1/16ஐத் தாண்டினால் மாற்ற வேண்டும். விட்டால் பல்லுச்சில்லுகளையும் தின்றுவிடும், செலவு பல மடங்கு. படகால் இறங்கினதும் நல்ல தண்ணியால் கழுவித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய். சீற் குழாயைக் கழற்றி வருடத்தில் இரண்டுதரம் கிறீஸ் பூசவேண்டும். அலுமினியமும் இரும்பும் உப்பில் ஒட்டினால் பிறகு கழறாது.

தம்பி கடைசியில் அப்படி ஒண்டைத்தான் எடுத்தான். முன்பு பார்த்ததைவிட விலை குறைவு. மிஞ்சின காசில் மக்காட், ஸ்ரான்ட், டைனமோ லைற் பூட்டினான். வீட்ட கொண்டுபோய்க் காட்ட, அம்மா ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரேயொரு கேள்வி: "கரியர் எங்க?"

அடுத்த நாளே யாழ்ப்பாணம் வந்து கரியர் பூட்டிக்கொண்டு போனான். நீங்களும் சைக்கிள் வேண்ட முன்னம் வீட்டில் ஒருக்காக் கேளுங்கோ. 90களில் அவர்களிடம் என்ன சைக்கிள் இருந்தது, எது முறிந்தது, எதை வைத்துத் திருத்தினார்கள் எண்டு. கேட்டதை எழுதி எங்களுக்கும் அனுப்புங்கோ.