இரவல் எழுத்தும் இயற்றிய எழுத்தும்: அரபு, கொரிய மொழிகளின் வரலாறு

அரபும் கொரியமும் ஒன்றுக்கொன்று உறவில்லாத மொழிகள். அரபு செமிட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எபிரேயமும் அரமேயமும் அதன் உடன்பிறப்புகள். கொரியத்துக்கு ஜெஜு தீவின் பேச்சைத் தவிர வேறு நெருங்கிய உறவு இதுவரை நிறுவப்படவில்லை. இரண்டு மொழிகளும் முதன்முதலில் பிறர் எழுத்தை வாங்கியே எழுதப்பட்டன. அரபுக்கு அந்த இரவல் பொருந்தியது, கொரியத்துக்குப் பொருந்தவில்லை. இரு மொழிகளின் எழுத்து வரலாறும் இந்த இடத்தில் பிரிகிறது. காரணம் அவற்றின் இலக்கணத்திலேயே இருக்கிறது.

அரபுச் சொல்லின் உயிர்நாடி பெரும்பாலும் மூன்று மெய்களால் ஆன வேர். க-த-ப என்னும் வேர் எழுதுவதைக் குறிக்கும். அதே மெய்களுக்கு இடையில் உயிர்கள் மாறி மாறி அமைய, 'கதப' எழுதினான் என்றும், 'காதிப்' எழுதுபவர் என்றும், 'கிதாப்' நூல் என்றும், 'மக்தூப்' எழுதப்பட்டது என்றும் பொருள்படும். பொருளின் சுமையை மெய்கள் தாங்குவதால், உயிர்க்குறிகளை விட்டுவிட்டாலும் மொழி தெரிந்தவர் படித்துவிடுவார். கொரியம் வேறு வகை. அதில் வேர் மாறாமல் நிற்க, விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும். 'கா' என்பது 'போ'; 'காகோ' என்றால் 'போய்'; 'காம்யொன்' என்றால் 'போனால்'. மரியாதைக்குரியவர் போவதைச் சொல்ல இடையில் ஒரு விகுதி சேர்ந்து 'காஷிம்யொன்' ஆகும். வினை வாக்கியத்தின் முடிவில் வரும். தமிழருக்கு இந்த அமைப்பை விளக்கவே வேண்டாம். 1886இல் சியோலுக்கு ஆசிரியராகச் சென்ற அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் இந்த ஒற்றுமையைக் கண்டு வியந்து, கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிடும் இலக்கண நூலொன்றை 1905இல் வெளியிட்டார். அவர் கருதிய இன உறவை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. அமைப்பில் ஒற்றுமை இருப்பதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

அரபுக்கு எழுத்துக் கொடுத்தவர்கள் பெட்ராவைத் தலைநகராகக் கொண்டிருந்த நபத்தேயர். அரமேய எழுத்தின் ஒரு வகையை அவர்கள் எழுதிவந்தார்கள். தெற்குச் சிரியாவில் நமாரா என்னுமிடத்தில் கிடைத்த, கி.பி. 328ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறைக் கல்வெட்டில் மொழி அரபு, எழுத்து நபத்தேயம். ஆறாம் நூற்றாண்டில், ஜபத், ஹர்ரான் கல்வெட்டுகளில், அது அரபு எழுத்தாகவே உருமாறிவிட்டது. கொடுத்த மொழியும் வாங்கிய மொழியும் ஒரே குடும்பம் என்பதால் மெய்களை மட்டும் எழுதும் முறை அரபுக்கு இயல்பாகவே ஒத்துவந்தது.

ஆனால் அரமேயத்தின் 22 எழுத்துகள் அரபின் 28 மெய்களுக்குப் போதவில்லை. கூட்டெழுத்தாக வேகமாக எழுதியதில் வடிவங்களும் தேய்ந்து ஒன்றையொன்று ஒத்துப்போயின. சொல்லின் நடுவில் ப, த, ந, ய ஆகியவை எல்லாம் ஒரே சிறு முனையாகத் தெரிந்தன. புள்ளிகள் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தன. எகிப்தில் கிடைத்த 643ஆம் ஆண்டுப் பாப்பிரஸ் ஒன்று, படையினர் ஆடுகள் பெற்றுக்கொண்டதற்குக் கிரேக்கத்திலும் அரபிலும் எழுதிய ரசீது. அதிலேயே சில எழுத்துகளுக்குப் புள்ளி இருக்கிறது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் கலீஃபா அப்துல் மலிக் காலத்தில் சிரியாவின் அரசுக் கணக்குகள் கிரேக்கத்திலிருந்து அரபுக்கு மாறின. இரவல் எழுத்து பேரரசின் எழுத்தானது.

புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்களில் பலருக்கு அரபு தாய்மொழி அல்ல. உயிர்க்குறி இல்லாத குர்ஆனை அவர்கள் பிழையாக ஓதக்கூடும் என்ற கவலை பஸ்ரா நகரத்து அறிஞர்களை உந்தியது. அபுல் அஸ்வத் அத்துஅலி வண்ணப் புள்ளிகளால் உயிர்களைக் குறித்தார் என்பது மரபு. எட்டாம் நூற்றாண்டில் அதே நகரத்தின் கலீல் இப்னு அஹ்மத் அந்தப் புள்ளிகளைச் சிறு எழுத்துக் குறிகளாக்கினார். இன்றும் அவையே வழக்கில் உள்ளன. ஒவ்வொரு மெய்யையும் வாயில் சுவைத்துப் பார்ப்பதுபோல் உச்சரித்து, அது பிறக்கும் இடத்தைக் கண்டு, தொண்டையின் ஆழத்திலிருந்து உதடுவரை வரிசைப்படுத்தி, அந்த வரிசையிலேயே 'கிதாபுல் ஐன்' என்னும் அகராதியைத் திட்டமிட்டார். அவருடைய மாணவர் சீபவைஹி பாரசீகர்; அரபு இலக்கணத்தின் மூலநூல் அவர் எழுதியதே. அரபை மிக நுட்பமாக ஆராய்ந்தவர்களில் அதைக் கற்றுக்கொண்டு வந்தவர்களுக்கும் முதலிடம் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

கொரியாவுக்கு வந்த இரவல் சீன எழுத்து. சீனச் சொல் விகுதி ஏற்காது. ஒரு குறி ஓர் அசை. விகுதிகளால் வாழும் கொரியத்தை அதில் எழுதுவது பெரும்பாடு. 'இது' எனப்படும் எழுத்துமுறையில் சில சீனக் குறிகளைப் பொருளுக்காகவும் சிலவற்றை ஒலிக்காகவும் கலந்து எழுதினார்கள். ஹியாங்கா என்னும் பழம்பாடல்கள் இத்தகைய முறையில் எழுதப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை 25. அவற்றைப் படிப்பதில் அறிஞரிடையே இன்னும் கருத்து வேறுபாடு தீரவில்லை. கற்றவர்கள் சீனத்திலேயே எழுதினார்கள். மற்றவர்களுக்கு எழுத்தே இல்லை.

இரண்டு உலகங்களும் ஒன்றையொன்று அறியாமல் இருக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், அரபு மொழியில் எழுதிய புவியியலாளர் இப்னு குர்தாத்பிஹ் தம் நூலில் கொரியாவின் சில்லா நாட்டைக் குறிப்பிடுகிறார். 1024, 1025, 1040 ஆண்டுகளில் அரபு வணிகர்கள், பின்னர் கொரியாவை ஆண்ட கொர்யோ அரசவைக்கு வந்ததைக் கொரிய வரலாற்று நூல் பதிந்திருக்கிறது. அடுத்து வந்த ஜோசொன் அரச மரபின் நான்காம் அரசர் செஜோங் காலத்தில் யி சுன்ஜி, கிம் டாம் ஆகியோர் தொகுத்த வானியல் நூலின் ஒரு பகுதி, சீனா வழியாக வந்த இஸ்லாமியக் காலக் கணிப்பு முறையை அடிப்படையாகக் கொண்டது. அந்தப் பணி நடந்த 1440களில்தான் செஜோங் எழுத்தையும் உருவாக்கினார்.

1443இன் முடிவில் அரசரே 28 எழுத்துகளை இயற்றியதாக அரசவைக் குறிப்பு சொல்கிறது. 1446இல் 'ஹுன்மின்ஜொங்உம்' என்னும் பெயரில் அவை மக்களுக்கு அறிவிக்கப்பட்டன. மெய்யெழுத்தின் வடிவம் அந்த ஒலி பிறக்கும் உறுப்பின் படம். நாக்கின் அடி தொண்டையை அடைப்பது 'க'வின் வடிவம். நாநுனி மேலே தொடுவது 'ந'. மூடிய வாய் 'ம'. ஒலி வலுக்கும்போது ஒரு கோடு கூடும். உயிர்கள் வானம், நிலம், மனிதன் என்னும் மூன்றிலிருந்து புள்ளி, கிடைக்கோடு, செங்குத்துக்கோடு ஆகப் பிறந்தன. எழுத்துகள் அசை அசையாகக் கட்டங்களில் அடுக்கப்பட்டன. கலீல் செவியாலும் நாவாலும் கண்டறிந்த அதே வகை அறிவை செஜோங் வடிவமாகவே வரைந்துவிட்டார். எழுத்தின் வரலாற்றில் இதற்கு இணையான செயல் அரிது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. சொந்த எழுத்து வைத்துக்கொள்வது மங்கோலியர், ஜப்பானியர் போன்றோரின் வழக்கம், சீன நாகரிகத்திலிருந்து விலகுவது இழிவு என்று அரசவை அறிஞர் சே மன்ரி 1444இல் மனுக் கொடுத்தார். அரசர் அவரையும் உடன் கையெழுத்திட்டவர்களையும் ஒரு நாள் சிறையில் வைத்து விடுவித்தார். பின்வந்த யொன்சான் அரசரைப் பழித்து அந்த எழுத்தில் சுவரொட்டிகள் தோன்றியதால், 1504இல் அவர் அதைத் தடை செய்தார். எளிய மக்களும் அரசனைக் குறைசொல்லி எழுதும் அளவுக்கு எழுத்து பரவிவிட்டது என்பதற்கு அந்தத் தடையே சான்று. கற்றவர்கள் அதை இழிந்த எழுத்து என்று அழைக்க, பெண்கள் அதில் கடிதம் எழுதினார்கள், கதைகள் படித்தார்கள்.

1894இல்தான் அரசு ஆவணங்களில் அதற்கு முதலிடம் கிடைத்தது. 1896இல் தொடங்கிய 'தொங்னிப் சின்முன்' செய்தித்தாளின் கொரியப் பகுதி முழுவதும் அந்த எழுத்திலேயே, சொற்களுக்கு இடையில் இடம்விட்டு அச்சானது. ஹங்குல் என்னும் பெயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலக்கண அறிஞர் ஜூ சிக்யோங் வட்டாரத்தில் பிறந்தது. அப்போது கொரியாவை ஆண்ட ஜப்பானிய அரசு 1942இல் கொரிய மொழிக் கழகத்தாரைக் கைது செய்தது. இருவர் சிறையிலேயே இறந்தார்கள். கழகம் தொகுத்துவந்த அகராதியின் பறிமுதலான கைப்பிரதி 1945இல் சியோல் ரயில் நிலையக் கிடங்கில் கிடைத்தது. 1947இல் தொடங்கி 1957க்குள் ஆறு தொகுதிகளாக அது வெளிவந்தது. செஜோங் காலத்தில் இந்த எழுத்தை விளக்கி எழுதப்பட்ட நூலோ 1940இல்தான் ஆன்டோங் பகுதியில் கண்டெடுக்கப்பட்டது. அதை விலைகொடுத்து வாங்கிய கலைப்பொருள் சேகரிப்பாளர் ஜொன் ஹியோங்பில் விடுதலை வரும்வரை மறைத்துவைத்தார். எழுத்து வடிவங்களுக்கான காரணம் உலகத்துக்கு உறுதியாகத் தெரிந்தது அதன்பிறகுதான்.

அரபு எழுத்தின் பயணம் எதிர்த்திசையில் போனது. பாரசீகம், உருது, மலாய் என்று மொழிக்கு மொழி அது இரவலாகப் போய்ச் சேர்ந்தது. தமிழகக் கரையிலும் இலங்கையிலும் முஸ்லிம்கள் அதில் கூடுதல் புள்ளிகள் இட்டுத் தமிழ் ஒலிகளுக்கு வடிவம் தந்து அரபுத்தமிழ் நூல்கள் எழுதினார்கள். ஹங்குல் பெரும்பாலும் ஒரே மொழியோடு நின்றது.

எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள தொலைவிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. மொராக்கோவின் பேச்சும் ஈராக்கின் பேச்சும் எளிதில் புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு விலகியிருந்தாலும், இரு நாட்டவரும் படிக்கும் நாளிதழின் நடை ஒன்றே. 1973இல் ஐ.நா.வின் ஆட்சிமொழியானது அந்த எழுத்து நடைதான். கொரியாவில் சீன நடை மறைந்து, பேச்சை ஒட்டியே எழுத்து நடை வளர்ந்தது. வடக்கில் 1949இலேயே சீனக் குறிகள் நீக்கப்பட்டன. பின்னாளில் இரு மொழிகளும் நேரடியாகவே சந்தித்தன. தென்கொரியாவில் ஹான்குக் அயல்மொழிப் பல்கலைக்கழகம் 1965இல் அரபுத் துறையைத் தொடங்கியது. எழுபதுகளில் சவூதியின் ஜுபைல் துறைமுகம் போன்ற பணிகளுக்குக் கொரியத் தொழிலாளர்கள் பெருமளவில் சென்றார்கள். இன்று பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இரண்டாம் அயல்மொழியாகக் கொரிய மாணவர்கள் அரபையும் தேர்ந்தெடுக்கலாம்.