லயத்துக்கு வந்த பேட்டரிகள்

மஸ்கெலி ஓயாவிலும் கெஹெல்கமு ஓயாவிலும் ஓடும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எழுதிக் காட்டினார். லக்சபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கம் வந்தது. 1969இல் மவுசாக்கலை வந்தபோது பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. கம்பிகளோ எங்கள் கொழுந்து மலைகளைத் தாண்டிக் கொழும்புக்குப் போயின. தேயிலை ஸ்டோரில் கரண்ட் இருந்தது, துரை பங்களாவில் இருந்தது. ஓடைத் தண்ணீரில் சுற்றும் சொந்த டர்பைன் வைத்திருந்த தோட்டங்களும் உண்டு. தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் லயக் காம்பராவில் மட்டும் குப்பி லாம்பு. அதை அநியாயம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். கம்பியில் வராத கரண்டைப் பேட்டரியில் தூக்கி வந்தவர்கள் எங்கள் ஆட்கள்.

முதலில் வந்தது டோர்ச் பேட்டரி. இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போகிறவருக்கு அதுதான் துணை. பிறகு அதே பேட்டரி ட்ரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் ஏறி, இலங்கை வானொலியின் தமிழை லயத்துக்குக் கொண்டுவந்தது. பாட்டு கம்மிப்போனால் பேட்டரியைக் கழற்றி இஸ்தோப்பில் வெயிலுக்கு வைப்பார்கள். மழைக்காலத்தில் அடுப்போரம். சூட்டில் உள்ளே ரசாயனம் கொஞ்சம் விறுவிறுப்பாகும், இன்னும் இரண்டு பாட்டுக் கேட்கலாம். செத்த பேட்டரி பிள்ளைகளுக்கு. கல்லால் உடைத்தால் கரித்தூளுக்கு நடுவே ஒரு கரிக்குச்சி இருக்கும், அதை வைத்துச் சுவரில் எழுதலாம்.

1982இல் ரூபவாஹினி தொடங்கியது. பீதுருதாலகால உச்சியிலேயே அதன் ஒளிபரப்புக் கோபுரம் இருந்ததால் எங்களுக்குப் படம் நன்றாகத் தெரியும். கறுப்பு வெள்ளை டீவிக்குக் கார் பேட்டரி வேண்டும். சாக்கில் கட்டி, தோளில் ஏற்றி, பஸ் பிடித்து ஹட்டன் டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜுக்குக் கொடுப்பார்கள். ஆசிட் பட்ட சாரத்தில் ஓட்டை விழாத வீடு இல்லை. நான் ரேடியோ பழுதுபார்க்கக் கற்ற கடையிலும் அந்தப் பேட்டரிகள் மூடி திறந்தபடி ராத்திரி முழுக்கக் கொப்பளித்துக்கொண்டிருக்கும். சார்ஜ் கூடிப்போனால் தண்ணீர் வற்றும், காலையில் ஊற்றிக்கொள்ளலாம். வீட்டில் அதைக் கடைசிச் சொட்டுவரை பிழிவார்கள். படம் நான்கு பக்கமும் சுருங்கி நடுவில் ஒரு துண்டாக வரும். அப்போது அதே பேட்டரியில் எரியும் பல்பைக் கழற்றிவிட்டு, சண்டைக் காட்சி முடியும்வரை பார்ப்பார்கள். ஈயப் பேட்டரிக்கு அது கெடுதல்தான், ஆயுள் குறையும். ஆனாலும் அடுத்த வாரம் சார்ஜ் ஏறிவிடும்.

லித்தியம் அயன் பேட்டரியை சோனி நிறுவனம் 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எங்களுக்கு அது கைப்பேசிக்குள் ஒளிந்து வந்தது. பையன்கள் கையில் அது தனிப் பொருளாக வந்தது 2022க்குப் பிறகுதான் என்பேன். அந்த வருஷம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டினார்கள். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. குப்பி லாம்பும் கைவிட்டது. பையன்கள் பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து, உள்ளிருக்கும் 18650 செல்களை எடுத்து எல்ஈடி லாம்பு செய்தார்கள். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், விரல் போல ஒன்று. அவர்கள் கைவேலை எனக்குப் பெருமை. ஆனால் அப்பனும் தாத்தாவும் பழகிய பழக்கமும் அந்தக் கைகளோடு வந்தது.

இந்தச் செல்லை அடுப்போரம் வைக்கக் கூடாது. உடைத்துப் பார்க்கவே கூடாது. கடைசிச் சொட்டுவரை பிழிந்தால், அதாவது 2.5 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கி நெடுநேரம் கிடந்தால், உள்ளேயுள்ள செம்புத் தகடு கரைந்து வேறிடத்தில் படியும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆகலாம். 4.2 வோல்ட்டுக்கு மேலே ஏற்றினால் தண்ணீர் வற்றுவதோடு நிற்காது, சூடாகித் தீப்பிடிக்கவும் கூடும். அந்தக் கொப்பளிக்கும் பேட்டரியின் பொறுமை இதற்குக் கிடையாது.

அதனால்தான் பாதுகாப்புச் சர்க்கிட். டிடபிள்யூ01 என்ற சிறு சிப் செல்லின் வோல்ட்டைப் பார்த்தபடி இருக்கும். சுமார் 4.3க்கு ஏறினாலும், சுமார் 2.4க்கு இறங்கினாலும், ஷோர்ட் ஆகி அளவுமீறி மின்சாரம் பாய்ந்தாலும், பக்கத்திலிருக்கும் மொஸ்ஃபெட் என்ற சுவிட்சை அணைத்து வழியை மூடிவிடும். டிபி4056 சார்ஜர் பலகையில் இந்தச் சிப் உள்ளதும் இல்லாததும் ஒரே விலைபோல விற்கிறார்கள், பார்த்து வாங்க வேண்டும். சிப் உள்ள பலகையிலும் செல்லுக்கு ஒரு ஜோடி முனை, லாம்புக்கு ‘அவுட்’ என்று தனி ஜோடி. லாம்பின் வயரைச் செல்லோடேயே பற்றவைத்துவிட்டால் பாதுகாப்புச் சிப் வழியில் இல்லாமலே போய்விடும். என்னிடம் வரும் பையன்கள் வேலையில் நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். அடுத்தது பிளஸ் தலையைச் சுற்றிய கடதாசி வளையம். தலையைத் தவிர செல்லின் உடம்பு முழுக்க மைனஸ். மேலுறை கிழிந்து, தலைக்கு வரும் தகடு விளிம்பில் உரசினால் போதும். அந்த ஷோர்ட் பலகைக்கு முன்னாலேயே நடப்பதால் சிப்புக்கு ஒன்றும் செய்ய முடியாது. செல் சூடாவதும் அந்தச் சிப்புக்குத் தெரியாது. கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

லயத்தில் தீ என்றால் ஒரு வீட்டுத் தீ அல்ல. ஒரே கூரை, ஒட்டிய சுவர், அடுப்புக்கு மேலே காயும் விறகு. மின்னொழுக்கால் வரிசையாக வீடுகள் எரிந்த செய்தி எத்தனை படித்திருக்கிறோம்! அதனால் பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன்: சார்ஜ் இஸ்தோப்புச் சீமெந்துத் தரையில், ஆள் விழித்திருக்கும்போது மட்டும். படுக்கையில் வேண்டாம், பரணில் வேண்டாம். உப்பிய செல்லுக்கு மறு சார்ஜ் கிடையாது. நுவரெலியாப் பக்கத்துப் பையன்களுக்கு இன்னொன்றும் உண்டு: தை மாசத்தில் கொழுந்தைக் கருக்கும் பனி விழுந்த விடியலில், குளிர்ந்து கிடக்கும் செல்லுக்கு உடனே சார்ஜ் போடாதீர்கள். பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்த செல்லில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே உள்ளே படியும். வெயில் ஏறி, செல் தானாகவே அறைச் சூட்டுக்கு வரட்டும்.