கிறீன் வைத்தியர் ஏன் தமிழுக்கு மாறினார்?



மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை உங்களுக்குத் தெரியும். அமெரிக்க மிஷனரி வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். எங்கள் இளைஞருக்கு மேலைத்தேய வைத்தியத்தை முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். 1860களில் தமிழுக்கு மாறினார். வைத்திய நூல்களையும் தமிழாக்கினார்.

இதைத் தமிழ்ப்பற்று என்றே நான் மேடைகளில் பேசிவந்தேன். அது பாதிக் கதை. ஆங்கிலத்தில் படித்தவர்கள் நல்ல சம்பளம் தேடி வெளியே போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் ஊரிலேயே இருப்பார்கள் என்பதும் அவருடைய எண்ணம்.

அந்தக் கவலை இன்றும் தீரவில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் இலங்கையை விட்டுப் போனார்கள். முதலாம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வியில் உருவானவர்கள். ஒருவர் போனால் அவருடைய வேலையும் மிஞ்சியிருப்பவர் தலையில்தான் விழுகிறது. முதலில் தவிப்பது சிறிய ஆஸ்பத்திரிகள்தான்.

போனவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. சம்பளம் எவ்வளவுக்குப் போதும் என்று எனக்கும் தெரியும். உங்களில் சிலர் லண்டன் போனபோது, நான் விலங்கியல் படிப்பித்த பிள்ளைகள் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவன் நான்.

போன மாதம் பிரஷர் கிளினிக்கில் காலை ஆறு மணிக்கு நம்பர் எடுத்தேன். என் முறை வர ஒன்றரை மணியாயிற்று. இருந்தது ஒரேயொரு வைத்தியர். சாப்பிடக்கூட எழும்பவில்லை. “சேர், சொல்லியிருந்தால் முதலே கூப்பிட்டிருப்பேனே” என்றாள். அவளும் என் மாணவிதான்.

அவளைப் பற்றி நான் யாரிடமும் பெருமை பேசியதில்லை. இன்று பேசுகிறேன்.