பாப்லர் பரோ மன்றத் தேர்தல்கள் (லண்டன்)

கிழக்கு லண்டனில் தேம்ஸ் ஆற்றின் வடகரையில், கப்பல்துறைகளைச் சுற்றி வளர்ந்த பாப்லர், 1900 முதல் 1965 வரை தனி பரோவாக (உள்ளாட்சிப் பகுதியாக) இருந்தது. போ, புரோம்லி, பாப்லர் ஆகிய பகுதிகளும் ஆற்றின் வளைவுக்குள் அடங்கிய ஐல் ஆஃப் டாக்ஸும் அதில் சேர்ந்திருந்தன. தொடக்கத்தில் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை நவம்பரில் தேர்தல் நடந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் கூடி, ‘ஆல்டர்மன்’ என்னும் மூத்த உறுப்பினர்களைத் தேர்வு செய்தார்கள்.

முதல் தேர்தல் 1900 நவம்பரில் நடந்தது. பீப்பாய் செய்யும் தொழிலாளியான வில் குரூக்ஸ் 1901-ல் மேயரானார். சிறுவயதில் பாப்லர் ஏழையர் விடுதியில் அடைக்கப்பட்டிருந்தவர் அவர். பின்னாளில் அதே விடுதியை நடத்திய வாரியத்துக்குத் தலைவராகவும் இருந்தார். பரோவின் முதல் தொழிற்கட்சி மேயர் இவரா, 1919-ல் பதவியேற்ற ஜார்ஜ் லான்ஸ்பரியா என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. குரூக்ஸ் காலத்தில் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லாததால், லான்ஸ்பரியையே முதல் தொழிற்கட்சி மேயராகக் கொள்வோர் உண்டு. 1915-ல் வரவேண்டிய தேர்தல் போரால் தள்ளிப்போனது.

1919 நவம்பர் தேர்தலில் மொத்தமுள்ள 42 இடங்களில் 39-ஐத் தொழிற்கட்சி பிடித்தது. இதற்கு என்ன காரணம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1918-ன் சட்டம் வாக்குரிமையை விரித்ததோடு, ஏழையர் உதவி பெற்றவர்களுக்கு இருந்த வாக்குத் தடையையும் நீக்கியது என்பது ஒரு வாதம். லான்ஸ்பரி போன்றோர் பல ஆண்டுகள் தெருத்தெருவாகச் செய்த வேலையே காரணம் என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தே பலன் தந்திருக்க வேண்டும். வென்றவர்களில் கப்பல்துறைத் தொழிலாளிகளும் ரயில்வே ஊழியர்களும் இருந்தார்கள். தாங்கள் ஆளப்போகும் தெருக்களிலேயே குடியிருந்தவர்கள் அவர்கள்.

புதிய மன்றம் தன் ஊழியர்களுக்கு வாரம் நான்கு பவுண்டு குறைந்தபட்சக் கூலி என்று முடிவு செய்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. 1925-ல் பிரபுக்கள் சபை இது சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இந்த மன்றத்தின் பெயர் நிலைத்தது 1921-ன் வரி மறுப்பால்தான். அந்தந்த பரோவின் ஏழைகளை அந்தந்த பரோவே தாங்க வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. வேலையின்மை பெருகிய பாப்லரில் வரிக்கு அடிப்படையான வீட்டு மதிப்பு குறைவு, உதவி கேட்டு வருவோர் அதிகம். செல்வந்தர் வாழ்ந்த மேற்கு லண்டனில் நிலைமை தலைகீழ். இருந்தும் லண்டன் கவுண்டி கவுன்சில், காவல்துறை முதலிய பொது அமைப்புகளுக்கும் பாப்லர் தன் மக்களிடம் வரி தண்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1921 மார்ச்சில் அந்த வரியைத் தண்டுவதில்லை என்று மன்றம் தீர்மானித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. ஜூலை 29 அன்று மேயர் சாம் மார்ச் பதவிச் சங்கிலியை அணிந்து முன்னே நடக்க, உறுப்பினர்களும் ஆதரவாளர்களும் ஊர்வலமாக நீதிமன்றம் சென்றார்கள். சிறைக்கும் போக நேரலாம் என்று பதாகையிலேயே எழுதியிருந்தார்கள்.

நீதிமன்ற ஆணைக்குப் பணியாததால் செப்டம்பரில் 30 பேர் சிறை புகுந்தார்கள். ஆண்கள் பிரிக்ஸ்டனில், மின்னி லான்ஸ்பரி, ஜூலியா ஸ்கர், நெல்லி கிரெசல், சூசன் லாரன்ஸ், ஜென்னி மக்காய் ஆகிய ஐந்து பெண்கள் ஹாலோவேயில். நெல்லி கிரெசல் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. அவரை முன்னதாகவே விடுவித்தார்கள். மன்றக் கூட்டங்கள் பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே நடந்தன. அதற்காகப் பெண்களை ஹாலோவேயிலிருந்து வண்டியில் கூட்டிவந்தார்கள். வெளியே திரண்ட கூட்டத்தோடு ஜார்ஜ் லான்ஸ்பரி சன்னல் கம்பிகளுக்குப் பின்னிருந்து பேசினார். பக்கத்து பரோக்களான ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனும் இதே வழியில் செல்லத் தீர்மானித்தன. ஹாக்னியின் ஹெர்பர்ட் மாரிசன் முதலிய கட்சித் தலைவர்கள் இந்த வழியை ஏற்கவில்லை.

ஆறு வாரங்களில், அக்டோபர் 12 அன்று, மற்ற எல்லோரும் விடுதலையானார்கள். ஏழையர் உதவிச் செலவில் பெரும்பகுதியை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ள அந்த ஆண்டே சட்டம் வந்தது. மின்னி லான்ஸ்பரி 1922 ஜனவரி 1 அன்று நிமோனியாவால் இறந்தார், வயது 32. பள்ளி ஆசிரியையாக இருந்தவர், பெண் வாக்குரிமைக்குப் போராடியவர், ஜார்ஜ் லான்ஸ்பரியின் மருமகள். மக்கள் வாக்கால் அல்லாமல் ஆல்டர்மனாக மன்றத்துக்கு வந்தவர், மக்களுக்காகவே சிறை சென்றார். போ சாலையில் ஒரு கட்டடத்தின் முகப்பில் அவர் நினைவாகத் தொங்கும் கடிகாரத்தை இன்றும் அண்ணாந்து பார்த்து மணி தெரிந்துகொள்ளலாம். ஹேல் தெருச் சுவரில் வரி மறுப்பைக் காட்டும் ஓவியம் 1990-ல் தீட்டப்பட்டது.

1922 நவம்பரில் லண்டனின் பல பரோக்களை இழந்த தொழிற்கட்சி பாப்லரைத் தக்கவைத்துக்கொண்டது. பரோ மறையும்வரை பெரும்பான்மை அதனிடமே இருந்தது.

1965-ல் பாப்லர், ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் மூன்றும் இணைந்து டவர் ஹாம்லெட்ஸ் பரோ ஆயின. 1986 முதல் 1994 வரை அங்கே லிபரல்கள் ஆண்டார்கள். 1993 செப்டம்பரில் ஐல் ஆஃப் டாக்ஸின் மில்வால் வட்ட இடைத்தேர்தலில் பிரித்தானிய தேசியக் கட்சி 7 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. மறுஆண்டு மே மாதமே அந்த இடத்தை இழந்தது. 2010 முதல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2014-ன் மேயர் தேர்தலைத் தேர்தல் நீதிமன்றம் மறுஆண்டு ரத்து செய்தது.