கொடுக்கு பிடிச்சது சரி, ஈயம் எங்கே போச்சு?

போன வாரம் குளிக்கப் போனப்போ ஷாம்பூ பாட்டில் லேபிளைப் படிச்சேன். அதில் 'டைசோடியம் இடிடிஏ'ன்னு ஒரு பேரு. அது என்னன்னு தேடினப்போ கிடைச்ச கதைதான் இன்றைய எபிசோட்.

1935-ல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் மியூன்ஸ் என்ற வேதியியலாளர் இடிடிஏ-வை உருவாக்கினார். தேவை ரொம்ப சாதாரணம். துணிக்குச் சாயம் ஏற்றும்போது தண்ணீரில் இருக்கும் கால்சியம் தொல்லை கொடுக்கும். அதைப் பிடிச்சு வைக்க ஒரு பொருள் வேணும். இடிடிஏ ஒரு உலோக அணுவை ஆறு இடத்தில் பற்றிக்கொள்ளும். இந்த வகைப் பொருள்களுக்கு 'கீலேட்' சம்பந்தப்பட்ட பேர் வந்ததே, கிரேக்க மொழியில் நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான்.

1950-களில் ஈய நஞ்சு ஏறியவர்களுக்கு டாக்டர்கள் இதையே கொடுத்தாங்க. ரத்தத்தில் இருந்த ஈயத்தைக் கொடுக்கு பிடிச்சது, சிறுநீரகம் வெளியே தள்ளியது.

சரி, மண்ணுக்கு ஏது சிறுநீரகம்?

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு ஆய்வுக்கூடத்தில், கதிரியக்கம் படிந்ததைக் கழுவ இடிடிஏ பயன்பட்டது. அந்தக் கழிவும் மண்ணில் தோண்டிய பள்ளங்களுக்குப் போனது. கோபால்ட்-60 போன்ற உலோகங்களை மண் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஆனால் 1978-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, இடிடிஏ அதை மண்ணிடமிருந்து பிடுங்கி நிலத்தடி நீரோடு நகர்த்துவதைக் காட்டியது.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னன்னா, சுமார் இருபது வருஷம் கழிச்சு அதே குணத்தை மருந்தாக்கிப் பார்த்தாங்க. ஈயம் மண்ணோடு இறுக ஒட்டியிருக்கும், செடியால் சுலபமாக உறிஞ்ச முடியாது. அதனால் கடுகுச் செடியை வளர்த்து, மண்ணில் இடிடிஏ ஊற்றினாங்க. நம்ம ஊர்ல தாளிக்கிற கடுகு இனம்தான்! 1997-ல் வெளியான ஆய்வில், கிலோவுக்கு 600 மில்லிகிராம் ஈயம் இருந்த மண்ணில் வளர்ந்த செடிகளின் தண்டு, இலையில் 1.5% வரை ஈயம் சேர்ந்தது. அறுத்து அப்புறப்படுத்தினால் வேலை முடிஞ்சுதுன்னு தோணும்.

முடியலை. கரைந்த ஈயத்தில் செடி எடுத்தது கொஞ்சம்தான். மிச்சம் மழைத்தண்ணியோடு கீழே இறங்கும். இடிடிஏ சீக்கிரம் மக்காது, அதனால் கொடுக்கும் பிடியை விடாது. ஓக் ரிட்ஜ் சொன்ன அதே பாடம்.

பிறகு, வேகமாக மக்கும் இடிடிஎஸ் போன்ற மாற்றுகளைச் சோதிச்சாங்க. ஸ்லோவேனியாவில் வேற வழி: மண்ணைத் தோண்டி எடுத்து, இடிடிஏ கரைசலில் கழுவி, அந்தக் கரைசலை வெளியே விடாமல் ஈயத்தைப் பிரித்து, இடிடிஏ-வை மறுபடி பயன்படுத்துவது. செலவு அதிகம்தான். ஆனால் அங்கே கொடுக்கு பிடிச்சது எங்கே போகுதுன்னு கணக்கு இருக்கு.

என் பாஷையில் சொன்னா, ஒரு ஃபைலை வேற ஃபோல்டருக்கு மூவ் பண்றது டெலீட் ஆகாது. அதிலும் ஈயம் ஒரு தனிமம், அதுக்கு டெலீட் பட்டனே கிடையாது. அதனால் "இந்த நிலத்தைச் சுத்தம் பண்ணிட்டோம்"னு யாராவது சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: எடுத்ததை எங்கே வெச்சிருக்கீங்க?

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.